லோடோடு மலை இறங்கப்போகிற வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில் சொல்பவர்: ஆட்டோமொபைல் பொறியாளர், வாகனக் காப்பீட்டு சர்வேயர், குன்னூர்

நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சுருக்கித் தருகிறேன்.

சொந்த நிலம் ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு இன்னும் ஒரு ஏக்கர். கேரட், பீட்ரூட், இடையில் பூண்டு. கணவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வெள்ளாமை முழுக்க இவர் தலையில். அறுவடை நாளில் வாடகை வண்டி கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருகிற வாடகையிலேயே கையில் நிற்க வேண்டிய காசு கரைந்துவிடுகிறது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தன் 2012 மாடல் பொலிரோ பிக்கப்பைத் தருவதாகச் சொல்கிறார். கையில் 2,20,000 ரூபாய் தர வேண்டும். வண்டியின் மேல் எடுத்த மறுகடனில் இன்னும் 9 தவணை, மாதம் 10,000. "மீதித் தவணைய நீயே கட்டிக்கோம்மா, முடிஞ்சதும் ஆர்.சி.ய உன் பேருக்கு மாத்தித் தர்றேன், அதுவரைக்கும் என் பேர்லயே ஓடட்டும்" என்கிறாராம். (ஆர்.சி. என்பது வண்டியின் பதிவுச் சான்று.) 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது, ரசீது இல்லை. மீதிக்கு நகையைக் கூட்டுறவு வங்கியில் வைக்கப்போகிறார்.

தம்பி ஓட்டுவார், அவரிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. காலையில் தோட்ட வேலைக்கு வருகிற பெண்களைப் பின்னால் ஏற்றிவந்தால் ஆட்டோ செலவு மிச்சம் என்று ஒரு கணக்கு. மாமனார் அந்தக் காலத்து லாரி டிரைவர். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார். பத்து வருடமான டீசல் வண்டிக்குத் தடை வரப்போகிறது, அதனால்தான் விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார் விற்பவர். "வாங்கலாமா, ஏமாந்துபோவேனா?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரி,

பழைய டீசல் பிக்கப் வாங்கும் யோசனை தவறானதல்ல. பொலிரோ பிக்கப்பைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் இருக்கிறார். உதிரி பாகத்துக்கு மேட்டுப்பாளையம் தாண்ட வேண்டியதில்லை. சின்ன விவசாயிக்கு அதைவிடப் பெரிய வசதி வேறில்லை. ஆனால் இப்போது பேசிவைத்திருக்கிற விதத்தில் இந்த வண்டியை வாங்காதீர்கள்.

கடிதம் முழுக்க இழுவையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நல்லா இழுக்குது, மேட்டுல திணறல, இன்ஜின் சத்தம் சுத்தமா இருக்கு. சரிதான். ஆனால் உங்கள் தொழிலை நினைத்துப் பாருங்கள். கேரட் மூட்டையோடு கீழே இறங்குவீர்கள். திரும்பும்போது காலியாகவோ, நாலு மூட்டை உரத்தோடோ ஏறுவீர்கள். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. நடுவில் 14 கொண்டை ஊசி வளைவு. முழு லோடோடு அத்தனை உயரத்தையும் பிரேக்கில் பிடித்து இறக்க வேண்டிய வண்டி இது. இழுவை குறைந்தால் காசு நஷ்டம், அதைச் சமாளிக்கலாம். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பள்ளத்திலிருந்து கிரேன் வைத்துத் தூக்கிய வண்டிகளைப் பரிசோதித்துப் பரிசோதித்து நான் பார்த்துவருகிறேன். அதனால் இந்தப் பதிலில் இன்ஜினுக்குக் கொஞ்சம் இடம்தான். பிரேக்குக்கும் பேப்பருக்கும்தான் அதிகம்.

பெயர் மாறாத வண்டி உங்கள் வண்டி அல்ல

மோட்டார் வாகனச் சட்டத்தில் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்வதோ இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்வதோ இதை மாற்றாது. உச்ச நீதிமன்றம் 2018-ல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு.

உங்களுக்கு இதில் மூன்று ஆபத்து. தவணையை நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும், ஃபைனான்ஸ் கம்பெனியின் கணக்கில் கடன்காரர் அவர்தான். அவருடைய வேறு கடன் பாக்கிக்காகப் பிடித்துவைத்தாலும், 9 தவணை முடிந்தபின் அவர் மனம் மாறினாலும், அவருக்கே ஏதாவது நேர்ந்தாலும், உங்கள் கையில் இருப்பது சாவி மட்டும். அடுத்தது, வண்டிக்குச் சேதம் வந்தால் காப்பீட்டில் உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. பாலிசி அவருடையது, வண்டியோ அவரிடம் இல்லை. "இன்ஷூரன்ஸ் இன்னும் 5 மாசம் இருக்கு" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் மாறினாலும் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வரும் என்பது உண்மை. ஆனால் உங்கள் சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு தானாக வராது. பெயர் மாற்றிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி பாலிசியையும் மாற்ற வேண்டும். மூன்றாவது, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுப்பது முதல் அபராதம் கட்டுவது வரை ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்தையும் அவர் போனுக்கு வருகிற ஓ.டி.பி.யையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கும்.

அவர் உறவுக்காரர், முகத்துக்கு நேரே சந்தேகப்பட முடியவில்லை என்று புரிகிறது. சந்தேகமாகப் பேச வேண்டாம், அவர் நலனாகவே பேசுங்கள். அதுவும் உண்மைதான். "அண்ணா, நாளைக்கு தம்பி எங்கயாவது இடிச்சுட்டா கோர்ட்டு நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். உங்க பேர்ல வண்டிய வச்சு ஓட்ட எங்களுக்குப் பயமா இருக்கு. கடனை முடிச்சு மாத்திடலாம்." நல்ல மனிதர் என்றால் இதற்குக் கோபப்பட மாட்டார்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். இன்றைய தேதியில் கடனை முடிக்க எவ்வளவு என்று ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையை அவர் கையில் தராமல், கடன் கணக்குக்கே நேராக வங்கி மூலம் செலுத்துங்கள். இது விலையில் கழியும் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடன் முடிந்ததும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ம் வரும். அதோடு படிவம் 29, 30 சேர்த்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால் ஆர்.சி.யில் இருக்கிற கடன் குறிப்பு நீங்கிப் பெயர் மாறும். விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மீதிப் பணத்தில் ஒரு பகுதியையாவது ஆர்.சி. உங்கள் பெயரில் வந்தபிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். வேறு வழியும் உண்டு: ஃபைனான்ஸ் கம்பெனி சம்மதித்தால் கடனையே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, ஆர்.சி.யையும் இப்போதே மாற்றலாம். இரண்டுக்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எஃப்.சி., காப்பீடு, கடன் குறிப்பு எல்லாம் தெரியும். நிலுவை அபராதத்தை இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். வரியும் பசுமை வரியும் எதுவரை கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) அடித்திருக்கிற எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் வெல்டிங் தடமோ, சுற்றிலும் இல்லாத புதுப் பெயின்டோ இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பிரேக்கைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்

விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கிடம் போகாதீர்கள். உங்கள் ஆளைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, பின்சக்கரம் இரண்டையும் கழற்றி பிரேக் டிரம்மைத் திறக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். டிரம்மின் உட்புறம் ஒரே சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். ஆங்காங்கே நீலம் பாய்ந்திருந்தால் அந்த டிரம் பலமுறை அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது பிடிக்காது. வீல் சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கிற ரப்பர் மூடியை விரலால் லேசாகத் தூக்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் தட்டினால் பிரேக் ஆயில் கசிகிறது. இதெல்லாம் மாற்றக்கூடியவைதான். ஆனால் மாற்றுகிற செலவை விலையில் கழிக்க வேண்டும், முதல் லோடு ஏற்றும் முன்பே மாற்றியாக வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் மூடுபனியும் மழையும் உங்களுக்குத் தெரியும். டாட் 4 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். குன்னூருக்குக் கீழே, மலைப்பாதையில் இருக்கிற பர்லியாறு பக்கம் வரும்போது பிரேக் கொதித்தால் ஆயிலில் நீராவிக் குமிழி கட்டும். பெடலை மிதித்தால் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. காலையில் வீட்டு வாசலில் பிரேக் நன்றாகத்தான் பிடித்திருக்கும். ஆகவே வாங்கியவுடன் பழைய ஆயிலை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடல் கட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டருக்கு வாக்குவம் (காற்று உறிஞ்சல்) வரவில்லை. டீசல் இன்ஜினில் வாக்குவத்துக்கென்று தனிப் பம்ப் உண்டு. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும், ஃபேன் பெல்ட்டில்தான் ஓடும். பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரிவதோடு பிரேக்கின் பலமும் போய்விடும். வெடிப்பு விழுந்த பெல்ட்டோடு ஒரு நாளும் மலை இறங்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பதும் இறக்கத்தில்தான். பாதி லோடாவது ஏற்றி, குன்னூரிலிருந்து பர்லியாறு வரை தம்பியை இறக்கச் சொல்லுங்கள். செகண்ட் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் தானாக நியூட்ரலுக்குத் தாவுகிறதா என்று பார்க்கட்டும். தாவினால் கியர் பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. மலைக்கு அந்த வண்டி வேண்டவே வேண்டாம். பர்லியாறில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக் சரிவில் தனியாகத் தாங்குகிறதா என்றும் பாருங்கள்.

மாமனார் சொன்னதும் விற்பவர் சொன்னதும்

மாமனார் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை கடிதத்தில் தெரிகிறது. இருந்தாலும் நியூட்ரல் விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் குடிக்கும். மிச்சம் என்று நினைப்பது உண்மையில் செலவு. இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக் பூஸ்டர் சில மிதிகளில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீரிங் இருந்தால் அதுவும் கட்டியாகிவிடும். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும். "மாமா, இந்த வண்டி பிரேக்கு இன்ஜின் ஓடினாத்தான் பிடிக்குமாம்" என்று சொன்னால் லாரி ஓட்டியவருக்குச் சட்டென்று புரியும்.

பத்து வருட டீசல் தடை பேச்சு டெல்லியைச் சுற்றியிருக்கிற தேசியத் தலைநகர்ப் பகுதியைப் பற்றியது. பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவு அது, தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. வாடகை, சரக்கு வண்டிகளுக்கு 8 வருடம் தாண்டினால் ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். இந்த வண்டிக்கு 2027-ல் 15 வருடம் முடிகிறது. அதன்பின் எஃப்.சி. கட்டணம் ஏறும். இன்றைய தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு, அதையும் சேர்த்து 3,10,000 நியாயமா என்று யோசியுங்கள். எனக்கு அந்த விலை அதிகமாகத்தான் படுகிறது.

மலையில் ஓடிய வண்டி, குளிர் ஊர், இன்ஜின் தேயாது என்ற பேச்சும் சரியல்ல. மீட்டரில் 1,40,000 கிலோமீட்டர் என்றால் நம் சாலையில் அதில் பெரும்பகுதி செகண்டிலும் தேர்டிலும் ஓடியது. கிளட்ச், கியர் பாக்ஸ், பிரேக்குக்கு அது சமவெளியின் 1,40,000 அல்ல. உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். அழுத்தத்தைப் பிடித்துவைக்கிற ரேடியேட்டர் மூடி தளர்ந்திருந்தால் ஏற்றத்தில் பொங்கிவிடும். அது சின்னச் சாமான், புதிதாகவே போடுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள். தை மாத உறைபனியில் பச்சைத் தண்ணீர் இன்ஜினையே விரிசல் விடவைக்கும்.

இன்ஜினைப் பார்க்க விடிகாலையில், சொல்லாமல் போங்கள். பானட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கிவைத்திருக்கிறார்கள். குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரலாம். ஏற்றத்தில் லேசான கறுப்பும் இந்த உயரத்தில் பெரிய குற்றமல்ல. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் வேலை காத்திருக்கிறது. வண்டிக்கு அடியில் பின் ஸ்பிரிங் பிடிக்கிற இடங்களில் சேஸிஸைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரக் கேரட்டும் உரமும் ஏற்றிய வண்டிகள் அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை செருகியிருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமந்தது என்று அதுவே சொல்கிறது.

பெண்களைப் பின்னால் ஏற்றாதீர்கள்

இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். சரக்கு வண்டியின் தொட்டியில் ஏறிப்போகிறவர்களுக்குக் காப்பீடு கிடையாது. உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொன்னது இது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ கூடப் போகலாம். அதுவும் ஆர்.சி.யில் எழுதியிருக்கிற இருக்கைக் கணக்குக்குள், முன்னால் கேபினில். வளைவில் வண்டி சாய்ந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது பின்னால் நிற்கிறவர்கள். உங்கள் தோட்டத்துக்கு வரும் அக்காக்களின் குடும்பத்துக்கு இழப்பீடு தர நிறுவனம் மறுத்தால் அந்தத் தொகை உங்கள் நிலத்தின் மேல் விழும். ஆட்டோ செலவைக் கூலியில் சேர்த்த செலவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்கு மேற்படாத மொத்த எடையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. ஆர்.சி.யில் மொத்த எடையைப் பாருங்கள். 3,000 கிலோவுக்குள் என்றால் பெர்மிட் தேவையில்லை, அதற்கு மேல் என்றால் வேண்டும். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. அதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000. மண்டியில் விலை ஏறிய நாளில் இன்னும் நாலு மூட்டை என்று கை போகும். அன்றைக்கு இறங்குகிற சாலையும் அதே சாலைதான்.

வாங்கினால், விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். முதல் மாதத்தில் பிரேக், பெல்ட், எல்லா ஆயிலும், எல்லா ஃபில்டரும், டயர் என்று அது போய்விடும். முன்சக்கரத்துக்கு ரப்பர் கட்டிய டயர் போடாதீர்கள். டீசல் ஃபில்டரில் சேருகிற தண்ணீரை வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். ராத்திரி டேங்க்கை நிரப்பி நிறுத்தினால் உள்ளே பனி சேருவது குறையும். ஏற்றம் ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் டர்போ நாள்படும்.

கடைசியாக அந்த 20,000. இன்றைக்கே விற்பவருக்கு வாட்ஸப்பில் எழுதுங்கள்: "அண்ணா, வண்டி எண் இன்னது, மொத்த விலை 3,10,000. இன்ன தேதியில் 20,000 முன்பணம் கொடுத்தேன். கடனை முடிச்சு ஆர்.சி. மாத்துறதப் பத்திப் பேசணும்." அவர் "சரிம்மா" என்று பதில் போட்டாலே அது சாட்சி. கடன் பாக்கி அவர் சொன்னதைவிட அதிகம் என்றோ, வண்டியில் மறைத்த குறை உண்டு என்றோ தெரியவந்தால், பொய் சொல்லிச் செய்த ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்து பணத்தைக் கேட்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. தர மறுத்தால் ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. ஆதார் நகலும் இந்த வாட்ஸப் உரையாடலின் பிரதியும் கொண்டுபோங்கள். கடனை முடிக்கும் தொகை எழுத்தில் வரும்வரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.